வலப்பக்கப் பை

பந்தியில் அவர் எப்போதும் இடது பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். வலது கால் முன்னால் நீண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவன் அந்தக் காலுக்கு இடம் விட்டுத் தன் இலையைத் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வாதம் என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு தைலம் சொல்வார்கள். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. கோட்டின் வலப்பக்கப் பையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. சம்மணம் போட்டால் அது அடிவயிற்றில் குத்தும்.

நான் சொல்வது இருபதுகளின் ரங்கூன். பசுந்தாங் பேட்டையில், ஓடைக்கு இரண்டு தெரு தள்ளி, டா மியா என்ற பர்மிய அம்மாளின் மர வீட்டு மாடியில் தமிழ் ஆட்கள் ஏழு பேர் மெஸ் வைத்துக்கொண்டு இருந்தோம். நான் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். அவர் ஓர் அரிசி ஆலைக்கு நெல் பார்த்துக் கொடுப்பவர். படகில் வரும் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி நாலு நெல்மணி எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். ஈரம் எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கடியிலேயே தெரிந்துவிடும். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் சாதகம் பாதகம் பார்ப்பார்.

அவர் வாயில் அந்த இரண்டு வார்த்தையும் ஓயாது. புதுக் குடை வாங்கினால் அதன் சாதகம் இரண்டு, பாதகம் மூன்று. சமையல்கார வேலு அண்ணன் ரசத்தில் புளியைக் குறைத்தால் அதற்கும் உண்டு. கடைசியில் எப்போதும் பாதகம்தான் அதிகமாக நிற்கும். ஆனாலும் அந்தக் குடையைத்தான் பிடிப்பார், அந்த ரசத்தைத்தான் குடிப்பார். பிறகு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று எனக்கு எரிச்சலாக வரும்.

துப்பாக்கி சங்கதியை நான் வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

"தம்பி, இது ஒளிச்சு வைக்கிற பொருள்தான். ஆனா பக்கத்துப் பாயில படுக்கிறவனுக்குத் தெரியாம வச்சிருக்கப்படாது. லைசென்ஸ் இருக்கு, பயப்படாதே" என்று வெளியே எடுத்துக் காட்டினார். பெல்ஜியத்தில் செய்ததாம். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவு சின்னதில் ஆளைக் கொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"அதைத்தான் சொல்ல வாரேன். சின்னதா இருக்கது சாதகம். பையில கிடந்தா வெத்தலைப் பெட்டின்னு நெனப்பான். பாதகம், குண்டும் சின்னது. பட்டவன் விழ மாட்டான். நின்னு, ஏன் சுட்டேன்னு கேப்பான்."

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அதுக்குள்ள இன்னொண்ணு சுட்டுரணும்."

பெரிய ரிவால்வராக வாங்கியிருக்கலாமே என்றேன். அதையும் யோசித்து வைத்திருந்தார். பெரியதில் பட்டவன் எழுந்திருக்க மாட்டான், குறியும் தப்பாது. ஆனால் கோட்டு ஒரு பக்கமாக இறங்கித் தொங்கும். துறைமுகத்துக் கூலிவரைக்கும் தெரிந்துவிடும். "ஊருக்கே தெரிஞ்சு வச்சிருந்தா அவன் போலீஸ். நம்ம மாதிரி ஆளுக்குத் தெரியாம இருக்கணும்" என்றார். இந்தச் சின்னதுக்கே கோட்டு கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. அதைச் சமன் செய்ய வெற்றிலைப் பெட்டியை இடப்பக்கப் பையில் போட்டிருந்தார்.

தெரியாமல் இருக்கிறது என்று நம்பியது அவர் ஒருவர்தான். தெரு முழுக்கத் தெரியும். காரணம், எங்கள் மரப்படி. யாராவது ஏறினால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். உடனே அவர் வலக்கை கோட்டுப் பைக்குப் போகும். தபால்காரருக்கும் போகும், டா மியாவின் பூனைக்கும் போகும். வேலு அண்ணன் படியேறும்போதே "நான்தான் அண்ணாச்சி, கத்தரிக்காய் வாங்கிட்டு வாரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். நாங்கள் எல்லோருமே அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டோம். வேறு எந்த மெஸ்ஸிலும் ஆட்கள் இப்படிப் பெயரும் காய்கறியும் சொல்லிக்கொண்டு மாடியேறி நான் பார்த்ததில்லை.

அந்தப் பையால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரங்கூன் வெயிலில் நாங்கள் வேட்டியும் துண்டுமாக இருக்க, அவர் கோட்டோடு வேர்த்துக்கொண்டிருப்பார். முடிவெட்டிக்கொள்வதும் கோட்டோடுதான். வருஷத்தில் ஆறு மாதம் மழை. துரு ஏறாமல் இருக்க வாரம் இரண்டு முறை எண்ணெய் போட வேண்டும். அந்த எண்ணெய் பைத்துணியில் ஊறி வேட்டியில் இறங்கும். கோயிலில் மேல் சட்டையைக் கழற்றாமல் சந்நிதிக்குள் போகக் கூடாது. கோட்டைக் கழற்றி யாரிடம் கொடுப்பது? அதனால் வெள்ளிக்கிழமை தோறும் தெருவில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். சாமி பக்கத்தில் போக முடியாதது எத்தனாவது பாதகம் என்று ஒருமுறை கேட்டேன். "அதை நான் சேர்க்கலை" என்றார்.

ஒருநாள் ஓடைக்கரையில் சுட்டுப் பழகினார். நானும் போயிருந்தேன். தண்ணீரில் மிதந்து வந்த ஒரு தேங்காய் மட்டையைக் குறி வைத்தார். ஆறு குண்டு. ஆறும் போயின. மட்டை அதுபாட்டுக்கு மிதந்து ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டைவிரல் இடுக்கில் தோல் கிழிந்து ரத்தம். சுடும்போது அதன் மேல்பாகம் பின்னால் வந்து கையைக் கடிக்குமாம். வேட்டி முனையால் கையைச் சுற்றிக்கொண்டு, "பத்தடிக்கு அங்கிட்டு இதால பிரயோஜனம் இல்லை. பத்தடிக்குள்ள வந்தாப் பாத்துக்கிடலாம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தடிக்குள் வருகிறவர்கள் நாங்கள்தானே.

ஏன் இதைச் சுமக்கிறார் என்பது அடுத்த சித்திரையில் தெரிந்தது. பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா அது. மூன்று நாள் தெருவில் எதிர்ப்பட்ட எல்லோர்மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றுவது ஆசீர்வாதம், கோபித்துக்கொள்ளக் கூடாது. துப்பாக்கிக்கு அது ஆசீர்வாதம் இல்லை. எனவே அவர் வருஷா வருஷம் அந்த மூன்று நாளும் மாடியை விட்டு இறங்குவதில்லை. அந்த வருஷம் டா மியா தாமே வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீரோடு மேலே வந்துவிட்டார். அறுபது வயது அம்மாள். நனையாமல் புது வருஷம் பிறந்தால் ஆகாது என்று பாதி பர்மியமும் பாதி தமிழுமாகச் சொல்லிக்கொண்டு வாசலில் நின்றார்.

அண்ணாச்சி எழுந்தார். பிறகு பையிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தார்.

"பிடி தம்பி. விரலை உள்ள விடாதே."

போய் டா மியாவின் முன்னால் குனிந்து நின்றார். அந்த அம்மாள் தோளில் மெதுவாக ஊற்றினார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷமும் அண்ணாச்சியின் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. குளிர்ந்த தண்ணீர் என்று டா மியா நினைத்திருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது தண்ணீருக்கு நடுங்குகிற முகம் இல்லை.

அதன் பிறகுதான், ஈரக் கோட்டைப் பிழிந்துகொண்டே, சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கீழ்ப் பர்மாவில் ஓர் ஆற்றில் நெல் படகில் வந்துகொண்டிருந்தாராம். பட்டப்பகல். கத்தியோடு நாலு பேர் ஏறினார்கள். இவர் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். படகோட்டியை வெட்டினார்கள்.

"அவன் என்னைக் கூப்பிட்டான் தம்பி. ரெண்டு தடவை கூப்பிட்டான். நான் வாயைத் திறக்கலை."

கோட்டைக் கொடியில் போட்டார். துப்பாக்கியை என்னிடமிருந்து வாங்கித் துடைத்தார்.

"இனிமே எவனாவது கத்தியோட என்னைப் பாத்து வந்தாம்னா ஒளிய மாட்டேன். யோசிக்கவும் மாட்டேன்."

எல்லாவற்றையும் யோசிக்கிற மனிதர் அதை மட்டும் யோசிக்க மாட்டேன் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ரங்கூனில் கையில் கத்தி இல்லாதவன் யார்? மூங்கில் பிளப்பவன், மீன் அரிகிறவள், கரும்பு சீவுகிறவன், எல்லோரிடமும் முழங்கை நீளத்துக்கு ஒரு வெட்டுக்கத்தி இருக்கும். அவர்களில் எந்தப் பாவி எந்த அவசரத்தில் இவர் பக்கம் ஓடிவரப் போகிறானோ என்று அன்றிலிருந்து எனக்குக் கவலை. அவருக்காகவும்தான் கவலை. அப்படி ஒன்று நடந்துவிட்டால் இந்த மனிதர் தாங்க மாட்டார் என்று தெரிந்தது. சொல்லிப் பார்த்தேன். "நீ சின்னப் பையன்" என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மெஸ்ஸில் எல்லோரும் தங்கள் கருவிகளைக் கழுவிக் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தோம். என்னுடைய எழுத்துக் கோர்க்கும் தட்டு, வேலு அண்ணனின் அரிவாள்மணை, கரண்டி, அண்ணாச்சியின் குத்தூசி. சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. எழுத்துக் கோர்க்கிறவனுக்கு விரல் சுத்தம் என்று மற்றவர்கள் தீர்மானித்திருந்தார்கள். நான் குத்தூசிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து அதை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

"இதுவும் ஆயுதம்தானே. வருஷம் பூரா கூடவே வருது. விட்டுட்டா நல்லாருக்காது."

இரண்டு நாளாக உட்கார்ந்து அதிலிருந்த எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுத்திருந்தார். அந்த எண்ணெயில் மிருகக் கொழுப்பு கலந்திருக்கலாம், அம்மன் முன்னால் வைக்கலாகாது என்று அவருக்குச் சந்தேகம். குண்டை எடுத்துவிட்டாரா என்று வேலு அண்ணன் கேட்டார். "குண்டில்லாம அது எப்படி ஆயுதம்? வெறும் இரும்பு" என்றார். பூஜை முடியும்வரை வேலு அண்ணன் அதன் குழாய்க்கு நேராக நிற்கவில்லை.

நான் சந்தனம் வைத்தேன். நன்றாகவே வைத்தேன். பிடியில் மூன்று பட்டை, மேல்பாகம் நீளத்துக்கு ஒரு பூச்சு, விசைக் குதிரையை இழுக்கும் இடத்தில் ஒரு அப்பு. குழாய் வாயில் குங்குமம் நிற்பதற்காக உள்ளே ஒரு விரல் சந்தனத்தை அமுக்கி அதன்மேல் பொட்டு வைத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், இடுக்கிலெல்லாம் இறங்கியது. வேண்டுமென்று செய்தாயா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கே இன்றுவரை தெரியவில்லை. ஆபத்தான சாமானுக்குக் கொஞ்சம் தாராளமாக வைப்போம் என்று தோன்றியது, வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துப் பெயருக்கு ஒருமுறை தொழில் செய்ய வேண்டும். நான் ஒரு வரி எழுத்துக் கோர்த்தேன். வேலு அண்ணன் ஒரு வாழைக்காய் நறுக்கினார். பிறகு எல்லோரும் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கையில எடுத்தாப் போதும்" என்று அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு மூச்சு வந்தது. சந்தனத்தைத் துடைக்கவில்லை. அது பிரசாதம், தானாக உதிரும்வரை விட வேண்டும்.

அன்று அச்சகம் விடுமுறை. அவர் நெல்லுக்கும் பெயருக்கு ஒரு குத்து குத்திவிட்டு வரலாம் என்று குத்தூசியோடு துறைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஓடைக்கரை முனையில் கோ லூன் என்ற பர்மியன் இளநீர் விற்பான். முப்பது வயது, நாலு பிள்ளைகள், கொஞ்சம் தமிழ் பேசுவான். ஆளுக்கு ஓர் இளநீர் குடித்துவிட்டு நடந்தோம். முப்பது அடி போயிருப்போம். பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம், "சயா, சயா" என்று கத்தல். பர்மியத்தில் அது ஐயா என்று கூப்பிடுவது.

திரும்பினோம். கோ லூன் ஓடிவந்துகொண்டிருந்தான். வலது கையில் இளநீர் வெட்டுகிற கத்தி. இடது கையில் கூர்முனையில் சிவப்புத் தீற்றிய ஓர் இரும்பு. அது அண்ணாச்சி கடையில் மறந்து வைத்துவிட்டு வந்த குத்தூசி என்பதும், சிவப்பு நான் வைத்த குங்குமம் என்பதும் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்ல நேரமில்லை. அண்ணாச்சியின் கை அதற்குள் வெளியே வந்துவிட்டது. ஐந்து வருஷம் படிச்சத்தத்துக்கெல்லாம் பழகிய கை. கோ லூன் பத்தடிக்குள் வந்துவிட்டான். அண்ணாச்சி அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டி அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். முகமெல்லாம் கோண, இரண்டு கையாலும் அழுத்தினார். காய்ந்த சந்தனம் ஒரு துண்டு உதிர்ந்து விழுந்தது.

கோ லூன் மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். குத்தூசியை நீட்டினான். "சயா, இதை விட்டுட்டுப் போயிட்டீங்க." பிறகுதான் அண்ணாச்சி கையில் இருந்ததைக் கவனித்தான். சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க சாமியா?" என்று கேட்டு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.

அண்ணாச்சி ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்படியே கரையோரத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, கோடு கோடாக வேர்வை இறங்கியது. வெயிலுக்கு மயக்கம் என்று எண்ணிக் கோ லூன் ஓடிப்போய் இன்னொரு இளநீரை அதே கத்தியால் சீவிக் கொண்டுவந்தான். அவர் குடித்ததில் பாதி கோட்டில் வழிந்தது. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்குத் திரும்பித் தெரு முனைக்கு வந்தோம். பிறகு கேட்டார்.

"சந்தனம் வச்சது நீதானே?"

"நான்தான் அண்ணாச்சி."

"எங்கெங்க வச்சே?"

சொன்னேன். குழாய் வாயைக் கடைசியில் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் நின்று, நெல்லைக் கடித்துப் பார்க்கும்போது செய்வதுபோல வாயை அசைத்துக்கொண்டு யோசித்தார்.

"அடுத்த வருஷமும் நீயே வை" என்றார்.

வைத்தேன். அதற்கடுத்த வருஷங்களிலும் வைத்தேன். பழையதன்மேல் புதியதாக, பூச்சு பூச்சாக. அவர் எண்ணெய் போடுவதை விட்டுவிட்டார். பையை மட்டும் விடவில்லை. அதே கோட்டு, அதே வேர்வை, அதே நீட்டிய கால். படி கிரீச்சிட்டால் கை போகும். நாங்களும் பெயர் சொல்லிக்கொண்டே ஏறினோம். ஆலைக்குப் போகிற வழி வேறாக இருந்தாலும் தினமும் சுற்றிக்கொண்டு ஓடைக்கரை முனைக்கு வந்து ஓர் இளநீர் குடிப்பார். கோ லூனிடம் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி விசாரிப்பார். ஐந்தாவது பிறந்தபோது அந்தப் பெண் குழந்தையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தமிழருக்கு இளநீர்மேல் இப்படி ஒரு பைத்தியமா என்று கோ லூன் என்னிடம் கேட்டிருக்கிறான். அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

துப்பாக்கியின் சாதகம் பாதகம் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபதுகள் முடியும் தறுவாயில் அவர் ஊருக்குக் கிளம்பினார். கப்பலேறுமுன் துப்பாக்கியையும் லைசென்ஸையும் போலீசில் ஒப்படைக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று கூட்டிப்போனார். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. துப்பாக்கியை எடுத்து மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்து அவர் காகிதங்கள்மேல் விழுந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார். நல்ல வாசனை என்று ஒப்புக்கொண்டார்.

"இது சுடாது போலிருக்கிறதே."

"சுடாது" என்றார் அண்ணாச்சி. நான் மொழிபெயர்த்தேன்.

"எவ்வளவு நாளாக?"

"நாலு வருஷமா."

"இது தெரிந்தே தினமும் எடுத்துக்கொண்டு போனாரா?"

"ஒருநாள்கூட விடலை."

அதிகாரி பேனாவை எடுத்தார். எதற்காக வைத்திருந்தார் என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் இருந்தது. அதைக் கேட்டார்.

"பாதுகாப்புக்கு."

"யாருடைய பாதுகாப்புக்கு?"

அண்ணாச்சி வாயை அசைத்துக்கொண்டு யோசித்தார். வலக்கை தானாகக் கோட்டுப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், வெளியே வந்தது.

"கோ லூனுக்கு" என்றார்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். கட்டம் சின்னது, அந்தக் கதைக்கு அதில் இடம் இல்லை. தற்காப்பு என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அதுவும் பொய் இல்லை.